நாற்பத்தேழாம் ஜோடி

சுலேமா கப்பலேறிய நாள் 2009 ஆகஸ்ட் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. விடியற்காலையிலிருந்தே காற்று பேயாட்டம் ஆடியது. கப்பல் கடலைத் தாண்டி அக்கரையிலுள்ள புந்தா அரேனாஸுக்குப் போகுமா போகாதா என்று டிக்கெட் கிழிக்கும் ஆளுக்கே தெரியவில்லை. தொழிற்சாலையில் நண்டு வந்து குவியும் பருவம் அது. ஒடிலியா மேற்பார்வையாளனிடம் கெஞ்சி அரை மணி நேரம் வாங்கிக்கொண்டு, ரப்பர் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், வெள்ளை பூட்ஸோடு அக்காவை வழியனுப்ப ஓடி வந்திருந்தாள்.

"நண்டு நாத்தத்தோட வந்து நிக்கிறியே. கப்பல்ல எல்லாரும் என்னையத்தான் மொறைக்கப் போறாங்க" என்றாள் சுலேமா.

"இருபது வருஷமா நீயும் இதே நாத்தம்தான்."

"அதான்டி. ஆஸ்பத்திரிக்காவது மனுஷ வாசனையோட போலாம்னு பாத்தேன்."

மார்ச் மாதம் இடது மார்பை எடுத்திருந்தார்கள். எடுத்தாகிவிட்டது, முடிந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். ஜூலையில் முதுகு வலிக்க ஆரம்பித்தது. நண்டுப் பெட்டி தூக்கியதால் வந்த வலி என்று இரண்டு வாரம் களிம்பு தேய்த்தாள் ஒடிலியா. புற்று எலும்புக்குள் போயிருந்தது.

சுலேமாவின் மகள் யெசேனியா, பதினாலு வயது, காதில் பாட்டு வயரைச் சொருகிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள். அவள் அப்பா அர்ஜென்டினா பக்கம் போய்ப் பத்து வருஷம் ஆகிறது; அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. சுலேமா வீட்டுச் சாவியை ஒடிலியாவின் ஏப்ரன் பைக்குள் போட்டாள்.

"ஈர வெறக உள்ள தள்ளாத. அடுப்பு மேல காயப் போடு. இவளுக்குக் காலைல ரொட்டி கருகக் கூடாது, கருகினா தொடமாட்டா. வேற என்ன... ஒண்ணுமில்ல. நானே வந்துடுவேன்."

சங்கு ஊதியது. கப்பல் போயிற்று. ஒடிலியா திரும்பி வந்து சாயங்காலம் வரை நண்டுக் காலைத் தட்டித் தட்டி இறைச்சியை உதறி எடுத்தாள். சாவி ஏப்ரன் பைக்குள் கிடந்து தொடையில் இடித்துக்கொண்டே இருந்தது.

ஒடிலியா அந்த வீட்டில் பிறந்தவள் இல்லை. 1971இல், நாலு வயதில், சிலோயே தீவிலிருந்து தெற்கே வந்த கப்பலில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடும் ஒரு கம்பளிப் போர்வையோடும் நம் ஊர் போர்வெனிரில் வந்து இறங்கினாள். அவளைப் பெற்றவளுக்கு அவளுக்கு மேலே ஆறு பிள்ளைகள்; போன குளிர்காலத்தில் கணவன் கடலில் போய்விட்டான். ஊருக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்த சுலேமாவின் அம்மாவிடம், பர்ரியாவின் மனைவியிடம், "இவளையாவது கூட்டிட்டுப் போம்மா, அங்க ரொட்டி கெடைக்கும்" என்று கையில் பிடித்துக் கொடுத்துவிட்டாள். துறையில் காத்திருந்த ஏழு வயது சுலேமா, மூட்டையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நம்மளுதா?" என்று கேட்டாள். அம்மா "ஆமா" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பதிவு அலுவலகத்தில் அவளையும் பர்ரியா என்ற குடும்பப் பெயரிலேயே எழுதிக்கொண்டார்கள். நம் ஊரில் அப்படி வந்த பிள்ளைகள் தெருவுக்கு இரண்டு பேராவது இருந்தார்கள். 'எடுத்து வளர்த்தது' என்ற சொல்லை அந்தப் பிள்ளையின் காதுபடச் சொல்வது, விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் துப்புவது மாதிரி. யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே இருந்து பலருக்கு மறந்தும் போகும். யெசேனியாவுக்கு அது மறக்கவும் இல்லை; தெரிந்தால்தானே மறப்பதற்கு.

அக்கா போன பன்னிரண்டாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, உருளைக்கிழங்கு அடையும் கொஞ்சம் ஆட்டுக்கறியும் கட்டிக்கொண்டு ஒடிலியா கடலைத் தாண்டினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுலேமா பாதியாகக் கிடந்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். பெயர் மகாலி. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்காக ஆராய்ச்சி செய்கிறார்களாம், ரத்தம் வேண்டுமாம்.

"வாடி, உனக்காகத்தான் இவங்க ஒரு மணி நேரமா உக்காந்திருக்காங்க" என்றாள் சுலேமா. "என் ரத்தம் போதாதாம், உன்னோடதும் வேணுமாம். நண்டுக்காரி ரத்தம் அவ்வளவு கிராக்கி."

மகாலி சிரித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"இங்க தெக்க வெயில் கம்மிங்கறது உங்களுக்கே தெரியும். டி வைட்டமின் வெயில்லதான் உண்டாகுது. ஆனா உண்டானா மட்டும் பத்தாதும்மா. ஒடம்புல இருக்குற செல்லு அத வாங்கிக்கணும். வாங்கிக்கறதுக்குன்னே செல்லுக்குள்ள ஒண்ணு இருக்கு, ஏற்பின்னு பேரு."

"பெல்ட்ல நண்டு வந்தா மட்டும் போதாது, எடுக்க ஆள் நிக்கணும். அதானே?" என்றாள் சுலேமா.

"அதேதான். அந்த ஆளு சிலருக்கு நெட்டையா இருப்பான், சிலருக்குக் குட்டையா இருப்பான். அம்மா அப்பாகிட்டேருந்து வர்றது அது. குட்டையா இருந்தா மார்புப் புத்து வர்ற வாய்ப்பு கூடுதான்னு பாக்குறோம். இன்னும் யாருக்கும் தெரியாது."

"எங்க லைன்ல குட்டைய நிக்க வெச்சா பாதி நண்டு தரைக்குப் போயிடும்."

மகாலியிடம் இரண்டு வகைத் தாள்கள் இருந்தன. நீலத் தாள் நோய் வந்தவளும் நோய் வராத அவளுடைய சகோதரியும் ஜோடியாகக் கொடுப்பதற்கு. மஞ்சள் தாள் நோயாளி தனியாகக் கொடுப்பதற்கு. "ரெண்டும் எங்களுக்கு வேணும், ரெண்டுலயும் உங்களுக்குத் தனியா பதில் வரும்" என்றாள். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு கேட்டாள்: "கூடப் பொறந்தவங்கதானே? அம்மா அப்பா ரெண்டு பேரும் ஒண்ணா?"

"அதே அம்மா, அதே அப்பா, அதே போர்வை, அதே பேன்" என்றாள் சுலேமா.

ஒடிலியா வாயைத் திறந்தாள். சுலேமா தலையணையிலிருந்து கண்ணை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தாள். நாற்பது வருஷமாக அந்தப் பார்வை ஒடிலியாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி "நீ மூட்டையோட வந்தவதானே" என்று கேட்டபோது, சுலேமா அவளை அப்படிப் பார்த்துவிட்டுத்தான் சடையைப் பிடித்து இழுத்தாள். ஒடிலியா வாயை மூடிக்கொண்டு நீலத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

குழாய்களில் 47-அ, 47-ஆ என்று மகாலி எழுதி ஒட்டினாள். பதில் இரண்டு வருஷத்தில் வரும், ஈமெயில் இருக்கிறதா என்று கேட்டாள். அக்காவுக்கும் தங்கைக்கும் அது கிடையாது. யெசேனியாவுடையதைக் கொடுத்தார்கள். அந்த முகவரியில் ஒரு பாட்டுக்காரன் பெயரும் பின்னால் மூன்று 'லவ்'வும் இருந்ததை எழுதிக்கொள்ளும்போது மகாலி ஒன்றும் சொல்லவில்லை.

அவள் போனதும் சுலேமா ஒடிலியாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை.

"அந்தப் பதில் வரும்போது நான் இருக்க மாட்டேன். சும்மா இரு, அழாத, கேளு. நல்லதோ கெட்டதோ, எது வந்தாலும் யெசேனியாகிட்ட குடு. என்கிட்டேருந்து அவளுக்குன்னு போறது அது ஒண்ணுதான். அம்மாவுக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சா அவ முன்னாடியே சுதாரிச்சுக்குவா. குடுக்குறியா?"

"குடுக்கறேன்க்கா."

அக்டோபர் ஒன்பதாம் தேதி சுலேமா இறந்தாள். போன கப்பலிலேயே திரும்பி வந்தாள். இந்த முறை காற்றே இல்லை. கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது.

நீலத் தாளின் நகலை ஒடிலியா சமையலறையில், நாட்காட்டிக்குப் பின்னால், அதே ஆணியில் மாட்டினாள். ஒவ்வொரு ஜனவரியிலும் நாட்காட்டியை மாற்றும்போது அது வெளியே வரும். மீண்டும் பின்னால் போகும்.

மகாலி சொன்னதில் ஒடிலியாவுக்கு மனதில் தங்கியது வெயில். யெசேனியாவுக்கு அந்த ஆள் நெட்டையோ குட்டையோ, பெல்ட்டிலாவது நிறைய வரட்டுமே என்று நினைத்தாள். அந்த அக்டோபர் வசந்தத்திலேயே மத்தியானம் பெண்ணை வாசலுக்குத் தள்ள ஆரம்பித்தாள். ஆனால் அது ஓசோன் ஓட்டை தலைக்கு மேலே வந்து நிற்கும் மாதம். இன்றைக்கு வெயில் சிவப்பு எச்சரிக்கை, வெளியே வராதீர்கள் என்று வானொலி சொல்லும். தொப்பி போடு, களிம்பு பூசு என்று பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வரும்.

"ஸ்கூல்ல உள்ள இருங்கறாங்க, நீங்க வெளிய நில்லுங்கறீங்க. நான் என்ன சித்தி, நெலப்படியிலயே நிக்கவா?" என்று கத்தினாள் யெசேனியா.

"பத்து நிமிஷம் நில்லு. சட்டைக் கைய மடிச்சு விடு."

"உங்களுக்குப் பைத்தியம்."

"இருந்துட்டுப் போகுது. மடிச்சு விடு."

சனிக்கிழமைதோறும் குளித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒடிலியா தன் மார்பைத் தானே தடவிப் பார்ப்பாள். விரலை வட்டமாகக் கொண்டுபோய், அக்குள் வரை. ஏதாவது தட்டுப்படுமோ என்று பயம். தட்டுப்படாதபோது நிம்மதி வர வேண்டும். அது முழுதாக வரவில்லை. அக்காவுக்கு வந்தது தனக்கும் வரும் என்று அவள் உள்ளூர எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தால், யாரும் வாய் திறந்து சொல்லாத அந்த ஒன்று பொய்யாகிவிடும் என்பது போல.

ஊர் மருத்துவ நிலையத்தில் பரிசோதனைக்குப் போனபோது, "குடும்பத்துல யாருக்காவது இருந்ததா?" என்று கேட்டாள் அங்கிருந்த மருத்துவச்சி.

"கூடப் பொறந்த அக்காவுக்கு."

மருத்துவச்சி அட்டையின் மேல் சிவப்புக் கோடு போட்டாள். அதன்பிறகு, மார்பைப் படம் பிடிக்கும் வண்டி வருஷத்துக்கு ஒரு தடவை கப்பலில் வரும்போதெல்லாம் முதல் நாள் பட்டியலில் ஒடிலியாவின் பெயர் இருந்தது. அந்தச் சிவப்புக் கோடு அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மாதிரி.

அடுத்த வருஷம் ஜூலையில், பருவம் தொடங்கிய முதல் வாரம். வரிசையில் அவளுக்கு எதிரே நெல்டா நின்றிருந்தாள். நெல்டாவும் சிலோயேக்காரி, அன்று அதே கப்பலில் அதே தளத்தில் வந்தவள். அன்று படம் எடுக்கப் போவதைப் பற்றி ஒடிலியா பயந்து பயந்து பேசிக்கொண்டிருந்தாள். நெல்டாவுக்கு மனசு பொறுக்கவில்லை. நண்டுக் காலை உதறிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அடியே, எதுக்கு நீ இப்படிக் கெடந்து சாகற? உனக்கு அது வராது. உன் ரத்தம் வேற."

இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் அந்த வரிசையில் இருந்த ஆறு பேருக்கும் அது கேட்டுவிட்டது. ஒருத்தியும் நிமிரவில்லை. ஒடிலியா தன் முன்னால் இருந்த தட்டைத் தூக்கி, இறைச்சியோடு, தண்ணீர்க் கால்வாயில் கவிழ்த்தாள். காலையிலிருந்து உதறியது அத்தனையும் போயிற்று.

"ஒடி, நான் ஆறுதலுக்குத்தான்..."

"என் பேரச் சொல்லாத."

அந்தப் பருவம் முழுக்க அவள் நெல்டாவோடு பேசவில்லை.

ஆனால் சொல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து நீலத் தாளை எடுத்துப் பார்த்தாள். அம்மா அப்பாவிடமிருந்து வருவது என்று மகாலி சொன்னது நினைவுக்கு வந்தது. அக்காவின் ரத்தத்தைத் தன் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒப்பிட்டால் என்ன வரும்? இரவெல்லாம் யோசித்தாள் என்று சொல்ல முடியாது, களைப்பில் தூங்கிவிட்டாள். மறுநாள் மதிய உணவு நேரத்தில் தாளில் இருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தாள். அக்காவை மட்டும் தனியாக மஞ்சள் தாளுக்கு மாற்றிவிடுங்கள் என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். அதை மனதுக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்திருந்தாள்.

எடுத்தது மகாலி இல்லை, ஒரு சின்னப் பெண் குரல்.

"ஜோடி நம்பர் சொல்லுங்க."

"நாப்பத்தேழு."

"பர்ரியா சகோதரிகள். ஆமா, இருக்கு. என்ன விஷயம்மா?"

பர்ரியா சகோதரிகள். அந்தப் பெண் அதைப் படித்த விதத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. ஒடிலியா ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ காலி நண்டுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். பதில் எப்ப வரும்னு கேக்கலாம்னு."

"வரும்மா. வேலை நடந்துட்டிருக்கு."

"சரி" என்றாள். "இங்க காத்து ஜாஸ்தி. ஒண்ணும் சரியா கேக்கல." வைத்துவிட்டாள்.

இரண்டு வருஷம் ஆயிற்று, மூன்று ஆயிற்று. பதில் வரவில்லை. 2012இல் மறுபடி முயன்றாள். அந்த எண்ணே இல்லை என்றது. புந்தா அரேனாஸ் ஆஸ்பத்திரியில் கேட்டால், மகாலி வடக்கே மாற்றலாகிப் போய்விட்டாள் என்றார்கள். ஆராய்ச்சியா, எந்த ஆராய்ச்சி என்றும் கேட்டார்கள்.

யெசேனியா பத்தொன்பது வயதில் புவெர்தோ மோன்ட்டுக்குப் போய் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒடிலியா தனியாக நண்டு உதறினாள். மணிக்கட்டு வீங்கிப்போய், பெட்டி ஒட்டும் பகுதிக்கு அவளை மாற்றினார்கள். நெல்டாவோடு பேச்சு மெல்லத் திரும்பியது. ஆனால் அந்த ஒன்றைத் தவிர மற்றதை மட்டும் பேசினார்கள். சிவப்புக் கோடு போட்ட அட்டை கிழிந்து புது அட்டை கொடுத்தபோது, அதிலும் கோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

2019 ஏப்ரலில் யெசேனியா ஃபோன் செய்தாள். வயிற்றில் ஆறு மாதம்.

"பொண்ணு சித்தி. நேத்துதான் சொன்னாங்க."

"சாப்பிடுறியா? வெயில்ல நிக்கிறியா?"

"நிக்கிறேன், நிக்கிறேன். பத்து நிமிஷம், கைய மடிச்சுவிட்டு. தெருவுல போறவன் எல்லாம் கேக்குறான், என்னம்மா தவமான்னு." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சித்தி, டாக்டர் கேட்டாரு. அம்மாவுக்கு எத்தன வயசுல வந்துச்சு, குடும்பத்துல வேற யாருக்கு இருக்குன்னு. உங்களப் பத்தியும் சொன்னேன், சித்திக்கு அம்பத்தி ரெண்டாகுது, இன்னும் வரலன்னு. அப்ப கொஞ்சம் தைரியமா இருக்கலாம்னாரு."

ஒடிலியா அடுப்பில் ரொட்டி வைத்திருந்தாள்.

"அந்தப் பேப்பர் வரவே இல்லையா சித்தி? அம்மா குடுத்தாங்களே, ரத்தம். அது மட்டும் வந்துடுச்சுன்னா நான் நிம்மதியா இருப்பேன். எனக்கில்ல, இவளுக்கு."

"வரும்" என்றாள் ஒடிலியா.

"பத்து வருஷமா வரும்னுதான் சொல்றீங்க. நானே எழுதிக் கேக்கறேன். யுனிவர்சிட்டி பேரு அந்த நீலப் பேப்பர்ல இருக்குமே, ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க."

சொல்ல வேண்டியதைச் சொல்ல அது இன்னொரு சமயம். ஒடிலியா வாயைத் திறந்தாள். உன் டாக்டர் என்னைக் கணக்கில் வைக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், அந்தப் பெண் அவளை அதன்பிறகு என்னவென்று கூப்பிடுவாள்? தலையணையிலிருந்து திரும்பிய அந்தக் கண் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"ரொட்டி கருகுது, அப்பறம் பேசறேன்" என்றாள். ரொட்டி நிஜமாகவே கருகியிருந்தது. நாட்காட்டியைக் கழற்றி, நீலத் தாளை வெளிச்சத்தில் பிடித்து, படம் எடுத்து அனுப்பினாள்.

ஐந்து வாரம் கழித்து, மே மாதம் இருபத்து மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு அவள் ஃபோன் இரண்டு தடவை அடித்தது. முதலில் வந்தது பல்கலைக்கழகத்தின் கடிதம்; தனக்கு வந்ததை யெசேனியா அப்படியே அனுப்பியிருந்தாள்.

"மதிப்பிற்குரிய பர்ரியா குடும்பத்தாருக்கு. தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் ஆராய்ச்சி 2014ஆம் ஆண்டு நிறைவுற்றது. டி வைட்டமின் ஏற்பியில் காணப்பட்ட வேறுபாடுகளுக்கும் மார்புப் புற்றுநோய்க்கும் இடையே, நாங்கள் ஆராய்ந்த பெண்களிடம் தெளிவான தொடர்பு எதுவும் காணப்படவில்லை. பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் அவரவர் முடிவு 2015இல் அனுப்பி வைக்கப்பட்டது. ஜோடி எண் 47-ஐப் பொறுத்தவரை, இரு மாதிரிகளுக்கும் இடையே ரத்த உறவு இல்லை எனத் தெரியவந்ததால், 2011ஆம் ஆண்டிலேயே அந்த ஜோடி ஆராய்ச்சியிலிருந்து நீக்கப்பட்டது. ஏற்பி பற்றிய சோதனை இம்மாதிரிகளில் செய்யப்படவில்லை. ஒப்புதல் படிவத்தின் விதிப்படி இரு மாதிரிகளும் அப்போதே அழிக்கப்பட்டன. வருந்துகிறோம்."

அதற்குக் கீழே யெசேனியா எழுதியிருந்தாள்:

"சித்தி, பாத்தீங்களா அநியாயத்த? ரத்த உறவு இல்லையாம்! அம்மாவோட குழாய வேற யாரோடதோட மாத்திட்டானுங்க, கடங்காரனுங்க. நீங்க ஃபோன் பண்ணி நல்லா நாலு கேள்வி கேளுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க, கூடப் பொறந்தவங்க நீங்கதானே."